அடிக்கடி மடங்கும் கணுக்கால்: வாலிபால் ஆடுபவர்களுக்கான முழுமையான பயிற்சி வழிகாட்டி

எதிரணி அடிக்கும் பந்தை வலைக்கு மேலே கையால் தடுக்க, அதாவது பிளாக் போட, எழும்பி இறங்குகிறோம். எதிரணியில் ஸ்மாஷ் அடித்தவரின் பாதம் நடுக்கோட்டைத் தாண்டி நம் பக்கம் வந்திருக்கிறது. அதன் மேல் நம் கால் விழுகிறது. பாதம் உள்பக்கமாகப் பிரண்டு, வெளிக்கணுவில் சுரீர் என்று ஒரு வலி. வாலிபாலில் கணுக்கால் சுளுக்குவது பெரும்பாலும் இப்படித்தான். முதல் தடவை எல்லோரும் ஓடி வந்து ஐஸ் வைப்பார்கள், இரண்டு வாரம் ஓய்வு, வீக்கம் வடிந்ததும் மறுபடி ஆட்டம். சில மாதம் கழித்து அதே கால் மறுபடி மடங்கும். அப்புறம் அது மடங்குவதற்கு ஆட்டமே தேவைப்படாது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, பேச்சு சுவாரசியத்தில் ரோட்டோரப் பள்ளத்தைக் கவனிக்காதபோது, வீட்டு வாசல்படியில்கூட மடங்கும்.

முதல் சுளுக்குக்குப் பிறகு ஒரு வருஷம் ஆகியும் கால் இப்படி அடிக்கடி மடங்கினால், அல்லது மடங்கிவிடுமோ என்ற பயம் ஒவ்வொரு அடியிலும் கூடவே வந்தால், அதற்கு நாள்பட்ட கணுக்கால் நிலையின்மை என்று பெயர். இது அபூர்வமான கோளாறு இல்லை. முதன்முறை சுளுக்கிக்கொண்டவர்களை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு வருஷம் தொடர்ந்து கவனித்தபோது, 40 சதவீதம் பேர் இந்த நிலைக்கு வந்திருந்தார்கள்.

கல்லூரி அணியில் செட்டராக, அதாவது ஸ்மாஷ் அடிப்பவருக்குப் பந்தை ஏற்றித் தருபவராக, ஆடிய காலத்தில் என் இடது கணுக்கால் இரண்டு சீசனில் நான்கு தடவை மடங்கியது. நான்கு தடவையும் வலி நின்ற அன்றே பயிற்சியையும் நிறுத்தினேன். பிற்பாடு பிசியோதெரபி படித்துவிட்டு ஆட்டக்காரர்களைப் பார்க்க ஆரம்பித்தபோது, வருகிற பிள்ளைகள் அதே கதையை வரி மாறாமல் சொல்கிறார்கள். வலி போவது வேறு, கால் தயாராவது வேறு. இரண்டுக்கும் நடுவே இரண்டு, மூன்று மாத வேலை இருக்கிறது. அந்த வேலையைத்தான் இங்கே ஒவ்வொரு படியாக எழுதியிருக்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

கணுக்காலின் இரு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புகளைத் தொட்டுப் பாருங்கள். வெளிக்கணு உள்கணுவைவிடக் கீழே இறங்கியிருக்கும். அதனால் பாதம் வெளிப்பக்கம் சாய எலும்பே தடுக்கும். உள்பக்கம் பிரள்வதற்கு அவ்வளவு தடை இல்லை. அந்தப் பக்கத்தைப் பிடித்து வைத்திருப்பவை வெளிக்கணுவிலிருந்து கிளம்பி எலும்போடு எலும்பைக் கட்டும் மூன்று தசைநார்கள். அவற்றில் முன்பக்கமாகப் போவதுதான் முதலில் கிழியும். பாதத்தின் நுனி கீழ்நோக்கி இருக்கும்போது மூட்டின் பிடிப்பும் தளரும், முன்பக்கத் தசைநாரும் விறைப்பாக இழுபடும். குதித்து இறங்கும்போது பாதம் அந்த நிலையில்தான் தரையைத் தொடுகிறது.

தசைநார் கொஞ்சம் நீண்டபடியே ஆறிவிடுவது ஒரு பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது. தசைநாரும் அதைச் சுற்றியுள்ள திசுக்களும் மூட்டை வெறுமனே கட்டிவைத்திருக்கும் கயிறு இல்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற செய்தியை நொடிக்கு நொடி மேலே அனுப்பும் நரம்பு முனைகள் அவற்றில் இருக்கின்றன. 1965-ல் ஃப்ரீமன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவரும் சகாக்களும், சுளுக்குக்குப் பிறகு கால் நிலைகொள்ளாமல் போவதற்கு இந்த உணர்வு கெடுவதே காரணம் என்றார்கள். ஆடும் பலகையில் நின்று சமநிலை பழகினால் அது குறையும் என்றும் காட்டினார்கள். அவர்கள் சொன்ன காரணம் அப்படியே முழுசாக நிற்கவில்லை என்றாலும், சமநிலைப் பயிற்சி என்ற வைத்தியம் இன்றுவரை நிற்கிறது.

அடுத்தது தசைகள். முழங்காலுக்குக் கீழே காலின் வெளிப்பக்கமாக இறங்கி, வெளிக்கணுவுக்குப் பின்னால் வளைந்து பாதத்துக்குப் போகும் இரண்டு பெரோனியல் தசைகள்தான் பாதம் உள்பக்கம் பிரளாமல் எதிர்த்து இழுப்பவை. ஆனால் கால் மடங்கும் வேகத்தைப் பாருங்கள்: எல்லாம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நடந்துவிடுகிறது. மடங்குவதை உணர்ந்து, அந்தச் செய்தி தசைக்குப் போய், தசை முழு பலத்தோடு இழுப்பதற்குள் காரியம் கைமீறிவிடும். அதனால் கால் தரையைத் தொடுவதற்கு முன்பே அந்தத் தசைகள் விறைத்துத் தயாராக இருக்க வேண்டும். ரப்பர் பட்டையை இழுத்து வெறும் பலத்தை மட்டும் ஏற்றுபவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான். பலம், சமநிலை, இறங்கும் பழக்கம் மூன்றும் சேர்ந்தால்தான் கால் நிற்கும்.

யார் இப்போது தொடங்கக் கூடாது

சுளுக்கு புதிது என்றால் முதலில் எலும்பு முறிவு இல்லை என்று உறுதி செய்யுங்கள். இதற்கு 1992-ல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் வகுத்த எளிய விதிகள் உலகம் முழுவதும் பயன்படுகின்றன. இரண்டு கணுக்களில் எதன் பின்விளிம்பிலோ நுனியிலோ, அதாவது கீழ் 6 சென்டிமீட்டருக்குள், எலும்பை அழுத்தினால் வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தின் வெளிவிளிம்பு நடுவில் துருத்தும் எலும்பிலோ, உள்வளைவின் மேலே இருக்கும் எலும்பிலோ அப்படி வலித்தாலும் எடுக்க வேண்டும். அடிபட்ட உடனேயும், மருத்துவரிடம் போன பிறகும் நான்கு அடி நடக்க முடியவில்லை என்றாலும் அப்படியே.

பழைய சுளுக்கிலும் சில அறிகுறிகள் இருந்தால் பயிற்சிக்கு முன் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்: மூட்டு திடீரென்று பூட்டிக்கொள்வது, மூட்டின் ஆழத்தில் குத்தும் வலி, கணுவுக்கு மேலே காலெலும்புகளுக்கு நடுவில் வலி, பாதத்தில் மரத்துப்போவது, வெளிக்கணுவுக்குப் பின்னால், தசையை எலும்போடு இணைக்கும் நாண் ஒன்று வழுக்கி வெளியே வருவது. நீண்டகாலச் சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலில் இதையெல்லாம் தாங்களாகச் செய்யக் கூடாது.

வீங்கியிருக்கும் புதுச் சுளுக்கை எண்ணெய் போட்டு அழுத்தி நீவி எடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கிழிந்த தசைநாரை அந்த முதல் சில நாட்களில் தேய்க்காதீர்கள், தயவுசெய்து. பழைய கால் என்றால் நீவுவது சுகமாக இருக்கலாம், ஆனால் தசைக்கு எதையும் கற்றுத் தராது.

முதல் வேலை: அளந்து எழுதுங்கள்

ஒரு நோட்டு எடுங்கள். நான்கு அளவுகள், இரண்டு காலுக்கும். இதைச் செய்யாமல் தொடங்குபவர்கள் மூன்றாவது வாரத்தில் “பரவாயில்லை, சரியாகிவிட்டது” என்று நிறுத்திவிடுகிறார்கள். எண்கள் அப்படி ஏமாற்றாது.

முழங்கால்-சுவர் அளவு: வெறுங்காலில் சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முழங்காலைச் சுவரில் தொடுங்கள். தொட முடிந்தால் பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்துங்கள். கடைசியாகத் தொட முடிந்த இடத்தில் கட்டைவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் பக்கம் இருந்தால் நல்லது. இரண்டு காலுக்கும் 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதைச் சரி செய்தாக வேண்டும்.

ஒற்றைக்கால் நிலை: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 வினாடி. முதலில் கண்ணைத் திறந்து, பிறகு மூடி. எத்தனை தடவை மற்ற கால் தரையைத் தொட்டது என்று எழுதுங்கள்.

குதிகால் எழுப்புதல்: ஒற்றைக் காலில் நின்று, விரல் நுனியால் சுவரைத் தொட்டபடி, குதிகாலை முழு உயரத்துக்கு எழுப்பி இறக்குங்கள். உயரம் குறைய ஆரம்பித்ததும் எண்ணுவதை நிறுத்துங்கள். ஆரோக்கியமான இளவயதுக்காரருக்கு 25 என்பது பழைய கணக்கு. அதைவிட முக்கியம் இரண்டு காலும் ஒத்துப்போவது.

எட்டும் தூரம்: தரையில் ஒட்டு நாடாவால் மூன்று கோடு போடுங்கள்: நேர் முன்னே ஒன்று, பின்னே இரு பக்கமும் சாய்வாக இரண்டு. நடுவில் ஒற்றைக் காலில் நின்று, மற்ற காலால் ஒவ்வொரு கோட்டிலும் எட்டும் மட்டும் எட்டி, தரையை லேசாகத் தொட்டுவிட்டுத் திரும்புங்கள். ஊன்றிய குதிகால் எழும்பினால் அந்த முயற்சி செல்லாது. அமெரிக்கப் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களைப் பற்றி 2006-ல் வந்த ஓர் ஆய்வில், முன்பக்க எட்டலில் இரு காலுக்கும் 4 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தவர்களுக்குக் காலில் காயம் படும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது. நான் எல்லோரிடமும் தவறாமல் பார்க்கும் அளவு இதுதான்.

முதல் இரண்டு வாரம்: அசைவும் விழிப்பும்

பழைய சுளுக்கில் கணுக்கால் ஒரு பக்கம் தளர்வாகவும், முழங்காலை முன்னே தள்ளும் அசைவில் இறுக்கமாகவும் இருப்பது வழக்கம். இந்த இறுக்கம் போகாவிட்டால் கால் இறங்கும்போது மூட்டு முழுசாகப் பூட்டிக்கொள்ளாது, நுனி கீழ்நோக்கிய ஆபத்தான நிலையிலேயே நிற்கும்.

முழங்கால்-சுவர் அளவையே பயிற்சியாகச் செய்யலாம். முழங்கால் இரண்டாவது விரலுக்கு நேராகப் போகட்டும், உள்ளே சாயக் கூடாது. 10 தடவை, மூன்று சுற்று, தினமும். கெண்டைக்காலை நீட்டுவதற்குச் சுவரில் கை ஊன்றி, பின்காலை நேராக வைத்து 30 வினாடி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி 30 வினாடி. இரண்டும் வெவ்வேறு தசைக்கு.

அப்புறம் பாதத்தின் சின்னத் தசைகள். நாற்காலியில் உட்கார்ந்து பாதம் தரையில் பதிந்திருக்க, விரல்களை மடக்காமல் கட்டைவிரலின் அடிப்பகுதியைக் குதிகாலை நோக்கி இழுங்கள். உள்ளங்கால் வளைவு லேசாக எழும்பும். 5 வினாடி பிடித்து விடுங்கள், 10 தடவை. முதல் நாள் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். நாலைந்து நாளில் கால் அந்த அசைவைக் கண்டுபிடித்துவிடும். பிறகு நின்றபடி, அதன்பின் ஒற்றைக் காலில். வாபிள் போர்டு என்ற ஆடும் பலகையை வாங்குவதைவிட இது முதலில் வர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பாதம் தரையைப் பிடிக்காத வரை மேலே எதைக் கட்டினாலும் ஆடும்.

வலிக்கு ஓர் அளவுகோல்: பத்துக்கு மூன்று வரை வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட வேண்டும். காலையில் வீங்கியிருந்தால் அளவைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம்.

மூன்றாவது வாரம் முதல்: பலம்

ரப்பர் பட்டை விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள், அதுவே நன்றாக வேலை செய்யும்.

வெளிப்பக்கம் திருப்புதல் தான் இதில் முதன்மையானது. தரையில் உட்கார்ந்து, கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, குதிகால் தரையில் படாமல் இருக்கட்டும். டியூபின் ஒரு முனை எதிர்ப்பக்கக் கட்டில் காலில், மறுமுனை சுண்டுவிரலுக்குக் கீழே பாதத்தைச் சுற்றி. சுண்டுவிரல் பக்கத்தை வெளியேயும் மேலேயும் 2 வினாடியில் கொண்டுபோய், 3 வினாடியில் மெதுவாகத் திரும்ப விடுங்கள். இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு, பாதத்துக்குப் பதில் முழுக்காலையும் தொடையிலிருந்து சுழற்றுவது. ஒரு கையை முழங்கால் மேல் வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் அசைந்தால் தவறு, வெளிக்கணுவுக்குச் சற்று மேலே தசை இறுகுவது தெரிந்தால் சரி. 12 தடவை, மூன்று சுற்று. கடைசி இரண்டு தடவை கஷ்டப்பட்டால்தான் டியூபின் இறுக்கம் போதுமானது.

ஒரு வாரம் ஆனதும் இதையே பாதத்தின் நுனியைக் கீழ்நோக்கி நீட்டி வைத்துக்கொண்டு செய்யுங்கள். கால் மடங்குவது அந்த நிலையில்தான் என்று மேலே பார்த்தோம், அங்கேதான் தசைக்குப் பலம் வேண்டும். பலர் தரும் பயிற்சித் தாள்களில் இந்தப் பாகம் விட்டுப்போகிறது.

உள்பக்கம் இழுப்பதையும், நுனியை மேலே இழுப்பதையும் அதே டியூபில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதம் பிரளும் வேகத்தை அடக்குவதில் அந்தத் தசைகளுக்கும் பங்கு உண்டு. நுனியை மேலே இழுக்க இன்னொரு சுலபமான வழி: முதுகைச் சுவரில் சாய்த்து, குதிகால்களை ஓர் அடி முன்னே வைத்து நின்று, இரண்டு முன்பாதங்களையும் எழுப்பி இறக்குவது. 15 தடவையில் காலின் முன்பக்கம் எரிய ஆரம்பிக்கும்.

குதிகால் எழுப்புவதை எல்லோரும் செய்கிறார்கள், ஆனால் உயரம் ஏற ஏற எடை சுண்டுவிரல் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அப்படிச் செய்தால் கால் மடங்கும் பாதையையே பழக்குகிறீர்கள். இரண்டு குதிகால்களுக்கும் நடுவே ஒரு டென்னிஸ் பந்தை வைத்து, அதை நழுவ விடாமல் ஏறி இறங்குங்கள். எடை கட்டைவிரலின் அடியில் நிற்கும். நீண்ட பெரோனியல் தசையின் முக்கிய வேலையே அந்த இடத்தைத் தரையில் அழுத்திப் பிடிப்பதுதான். இரண்டு காலில் 20 சுலபமாக வந்ததும், இரண்டு காலில் ஏறி ஒற்றைக் காலில் 4 வினாடி எடுத்து இறங்குங்கள். பிறகு முழுவதும் ஒற்றைக் காலில். அதன்பின் படி விளிம்பில் நின்று, குதிகால் படிக்குக் கீழே இறங்கும்படி. கடைசியில் முதுகில் புத்தகம் நிரப்பிய பையோடு. முழங்காலை மடக்கிய நிலையிலும் ஒரு சுற்று செய்யுங்கள், ஆட்டத்தில் நாம் அப்படித்தான் நிற்கிறோம்.

இடுப்பையும் விடக் கூடாது. ஒற்றைக் காலில் இறங்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் உடல் எடை பாதத்தின் வெளிவிளிம்புக்குப் போகிறது. பக்கவாட்டில் படுத்து மேல்காலை நேராக எழுப்புவது 15 தடவை. முழங்காலுக்கு மேலே டியூபை மாட்டிக்கொண்டு அரை உட்காரலில் பக்கவாட்டு நடை, ஒவ்வொரு பக்கமும் 10 அடி. அவ்வளவு போதும்.

பலப் பயிற்சி வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள்.

சமநிலை: இதற்குத்தான் அதிக நேரம்

சமநிலைப் பயிற்சியை முதல் வாரத்திலேயே தொடங்கலாம், கடைசி வரை தொடர வேண்டும். இதற்கு இருக்கும் சான்று உறுதியானது. நெதர்லாந்தில் சுளுக்கிலிருந்து மீண்ட 522 விளையாட்டு வீரர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் 8 வாரம், வாரத்தில் மூன்று தடவை, வீட்டிலேயே செய்யும் சமநிலைப் பயிற்சியைக் கொடுத்தார்கள். அடுத்த ஒரு வருஷத்தில் பயிற்சி செய்தவர்களில் 22 சதவீதம் பேருக்கு மறுபடி சுளுக்கியது, செய்யாதவர்களில் 33 சதவீதம் பேருக்கு. இந்த முடிவு 2009-ல் வெளியானது. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க யாரும் இல்லாமல், அவர்களே வீட்டில் செய்தது இது என்பதுதான் எனக்கு முக்கியம். நம் ஊரில் வாரம் மூன்று நாள் பிசியோவிடம் போய்வர எல்லோராலும் முடியாது.

வரிசை இப்படி. ஒவ்வொன்றிலும் 30 வினாடி, மூன்று தடவை, மற்ற கால் தரையைத் தொடாமல் வந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

1. வெறுங்காலில், தரையில், முழங்காலைச் சற்று மடக்கி ஒற்றைக் காலில் நிற்பது.
2. அதே நிலையில் தலையை இடமும் வலமும், மேலும் கீழும் திருப்புவது.
3. பந்தைச் சுவரில் தட்டித் தட்டிப் பிடிப்பது. செட்டர்கள் விரல் நுனியால் சுவரில் செட் போடலாம், மற்றவர்கள் அண்டர்ஹேண்ட் பாஸ் எடுக்கலாம்.
4. கண்ணை மூடி நிற்பது.
5. மடித்த மெத்தை அல்லது கனமான தலையணை மேல் நிற்பது, பிறகு அதில் பந்து.
6. எட்டும் தூரப் பயிற்சி: அளந்த அதே மூன்று கோடுகளில், ஒவ்வொரு திசையிலும் 6 தடவை.

மூன்றும் நான்கும் ஏன் என்று சொல்ல வேண்டும். கணுக்கால் நிலையில்லாதவர்கள் பாதத்திலிருந்து வரவேண்டிய செய்தியின் குறையைக் கண்ணால் ஈடுகட்டுகிறார்கள். தரையைப் பார்த்து நடக்கும்போது நன்றாக இருப்பார்கள். ஆட்டத்தில் கண் பந்தின் மேல் இருக்கும், அப்போது ஈடுகட்ட ஆளில்லை. கண்ணை மூடும்போதும், பந்தின் மேல் கண்ணை வைக்கும்போதும் பாதம் தன் வேலையைத் தானே செய்தாக வேண்டிய கட்டாயம் வருகிறது. கண்ணை மூடுபவர்கள் சுவரோரமாக நில்லுங்கள்.

நிற்கும்போது பாதம் துடிதுடித்து அசைவதைப் பார்த்துச் சிலர் பயந்து அழுத்திப் பிடிக்கிறார்கள். அந்தச் சின்ன அசைவுகள்தான் பயிற்சி. விரல்களைத் தரையில் நண்டுபோல் பற்றாதீர்கள். எடை மூன்று இடத்தில் சமமாக இருக்கட்டும்: கட்டைவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால்.

மணலைப் பற்றிக் கேட்பார்கள். கடற்கரை மணலில் நடப்பதும் ஒற்றைக் காலில் நிற்பதும் இரண்டாவது மாதத்தில் நல்ல கூடுதல் பயிற்சி. முதல் வாரத்திலேயே மணலில் ஓடுவது வேண்டாம்.

ஆறாவது வாரத்துக்கு மேல்: குதிப்பதும் இறங்குவதும்

நிலையின்மை வெளிப்படுவது இறங்கும்போதுதான் என்பதால் இந்தக் கட்டத்தை விட்டுவிட்டு ஆடப் போகாதீர்கள். தொடங்குவதற்கு முன் இரண்டு நிபந்தனை: ஒற்றைக்கால் குதிகால் எழுப்பல் நல்ல காலின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும், கண்ணைத் திறந்து 30 வினாடி அசையாமல் நிற்க முடிய வேண்டும்.

இறங்கும் முறையை முதலில் பழகுங்கள். முன்பாதம் தொட்டு உடனே குதிகால் பதிய வேண்டும், இடுப்பும் முழங்காலும் மடங்க வேண்டும், பாதங்களுக்கு நடுவே இடுப்பகலம் இருக்க வேண்டும். சத்தம் வரக் கூடாது. சத்தமே இல்லாமல் இறங்கு என்று சொன்னால் பிள்ளைகள் மற்ற எல்லாவற்றையும் தாங்களே சரிசெய்துகொள்கிறார்கள்.

இரண்டு காலில் குதித்து இரண்டு காலில் இறங்குவது, 5 தடவை மூன்று சுற்று. அடுத்த வாரம் இரண்டு காலில் குதித்து ஒற்றைக் காலில் இறங்கி 3 வினாடி சிலைபோல் நிற்பது. அதற்கடுத்து ஒற்றைக் காலில் முன்னே குதிப்பு, பிறகு பக்கவாட்டில், பிறகு காற்றில் கால்பங்கு வட்டம் (90 டிகிரி) திரும்பி இறங்குவது. வெளிப்பக்கம் குதிப்பதுதான் கடினம், அதைக் கடைசியில் வையுங்கள். ஒரு நாளில் மொத்தம் 60 இறக்கத்துக்கு மேல் வேண்டாம், களைத்த காலில் குதித்தால் தவறான பழக்கம்தான் படியும். இறங்கிய இடத்தில் நிற்க முடியாமல் ஒரு அடி எடுத்து வைத்தால் அந்த இறக்கம் கணக்கில் சேராது.

பிறகு வலைக்குப் போங்கள். எதிரே ஆள் இல்லாமல் பிளாக் குதிப்பு, பக்கவாட்டில் இரண்டு அடி வைத்துப் பிளாக், அப்ரோச் எடுத்து, அதாவது சில அடி ஓடி வந்து, ஸ்மாஷ். 1990-களில் நார்வே வாலிபால் ஆட்டக்காரர்களுக்கு ஒரு தடுப்புத் திட்டம் கொண்டுவந்தபோது சுளுக்குகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அதில் சமநிலைப் பலகையோடு எழும்பும், இறங்கும் நுட்பமும் கற்றுக்கொடுத்தார்கள். ஸ்மாஷுக்கு ஓடி வரும்போது கடைசி அடியை நீளமாக எடுத்து, முன்னோக்கிப் பாயாமல் நேராக மேலே எழும்பினால் நடுக்கோட்டுக்கு முன்னாலேயே இறங்கலாம். பாதத்தின் ஏதாவது ஒரு பாகம் கோட்டின் மேல் இருந்தால் போதும், மீதி எதிர்ப்பக்கம் போனாலும் ஃபவுல் இல்லை என்பதுதான் விதி. அதாவது விதிப்படி ஆடினாலும் உங்கள் கால் இன்னொருவர் இறங்கும் இடத்தில் இருக்கலாம். பயிற்சியாளர்கள் கோட்டுக்கு ஒரு சாண் முன்னே சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, அதைத் தாண்டாமல் இறங்கச் சொல்லிப் பழக்குங்கள்.

மண் மைதானத்தில் இன்னும் இரண்டு விஷயம். எல்லைக்கோட்டுக்குக் கட்டிய நாடா தளர்ந்து தூக்கிக்கொண்டு நிற்கிறதா, ஆணி வெளியே தெரிகிறதா என்று ஆட்டத்துக்கு முன் ஒரு சுற்று நடந்து பாருங்கள். வார்ம்-அப்பில் உருண்டு கிடக்கும் பந்தின் மேல் இறங்கிச் சுளுக்கிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பந்து பொறுக்க ஒருவரை நிறுத்துங்கள்.

பிரேஸ், டேப், திரும்ப ஆடுவது

ஏற்கெனவே சுளுக்கிய காலுக்கு ஆட்ட நேரத்தில் பிரேஸ், அதாவது கணுக்காலைப் பிடித்துத் தாங்கும் உறை, போடுவது நல்லது. கயிறு கட்டும் வகையோ, இரு பக்கமும் கெட்டித் தகடு வைத்ததோ, எது ஷூவுக்குள் பொருந்துகிறதோ அது. டேப் நன்றாக ஒட்டத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் அதுவும் சரி, ஆனால் ஆடத் தொடங்கி அரை மணி நேரத்துக்குள் அதன் இறுக்கம் பெருமளவு தளர்ந்துவிடும். சாதாரண கிரேப் பேண்டேஜை நம்பி ஆடாதீர்கள். வீட்டுப் பயிற்சியைப் பிரேஸ் இல்லாமல், வெறுங்காலில் செய்யுங்கள்.

ஆரம்பத்தில் எழுதிய நான்கு அளவுகளையும் திரும்ப எடுங்கள். முழங்கால்-சுவர் அளவில் வித்தியாசம் 2 சென்டிமீட்டருக்குள், முன்பக்க எட்டலில் 4 சென்டிமீட்டருக்குள், குதிகால் எழுப்பலில் நல்ல காலின் பத்தில் ஒன்பது பங்காவது வந்திருந்தால், அதோடு பக்கவாட்டில் குதிக்கும்போது மனசில் தயக்கம் இல்லை என்றால், முதலில் ஒரு வாரம் பாதி நேரம் பயிற்சியில் ஆடிவிட்டு மேட்சுக்குப் போகலாம். அந்தத் தயக்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள். எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் பயம் இருக்கிறது என்றால் குதிப்புக் கட்டத்தில் இன்னும் இரண்டு வாரம் இருங்கள்.

ஆட ஆரம்பித்த பிறகும் வாரத்தில் இரண்டு நாள், வார்ம்-அப்போடு சேர்த்து 10 நிமிஷம்: கண்மூடிய நிலை, பந்தோடு ஒற்றைக்கால், நுனி நீட்டிய டியூப், 10 ஒற்றைக்கால் இறக்கம். சீசன் முழுவதும்.

மூன்று மாதம் விடாமல் செய்தும் கால் மடங்கிக்கொண்டே இருந்தால் எலும்பு மருத்துவரிடம் போய் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். குருத்தெலும்பில் காயம் இருக்கலாம், பெரோனியல் நாணில் கிழிசல் இருக்கலாம், தசைநார் மிகவும் தளர்ந்தும் போயிருக்கலாம். தளர்ந்த தசைநாரை இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சையை 1966-ல் ஸ்வீடனின் ப்ரோஸ்ட்ரம் என்ற அறுவை மருத்துவர் எழுதி வைத்தார். 1980-ல் கூல்ட் என்ற இன்னொரு மருத்துவர் அதை மேம்படுத்தினார். இன்றும் அதன் வழியில்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். அதற்குப் பிறகும் இதே பயிற்சிகளை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

நடுவில் ஒருநாள் கால் மறுபடி மடங்கினால்? அதே இடத்தில் உட்கார்ந்து எலும்பை அழுத்திப் பாருங்கள், நான்கு அடி நடந்து பாருங்கள். ஒட்டாவா விதியில் சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே. இல்லையென்றால் இரண்டு, மூன்று நாள் இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைப்பது, வலி தாங்கும் அளவுக்கு நடப்பது. நான்காவது நாள் முழங்கால்-சுவர் அசைவிலிருந்தும் தரையில் ஒற்றைக்கால் நிலையிலிருந்தும் தொடங்குங்கள். ஏற்கெனவே பழகிய கால் என்பதால் முன்பு மூன்று வாரம் ஆனது இந்தத் தடவை பெரும்பாலும் அதைவிடச் சீக்கிரமே வந்துவிடும். நோட்டில் அன்றைய தேதியையும், எப்படி மடங்கியது என்பதையும் எழுதிவையுங்கள். எந்த அசைவில் மடங்கியதோ, அந்த அசைவை அடுத்த மாதப் பயிற்சியில் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.